பிரெஞ்சுப் புரட்சிப் பரீட்சையும் நானும்

இன்று காலை பாலவனத்தத்தில் பஸ் ஏறியதிலிருந்தே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தேன். அருப்புக்கோட்டையில் பி.ஏ. வரலாறு பரீட்சை. போன தடவை பிரெஞ்சுப் புரட்சிதான் என்னை ஃபெயிலாக்கியது. முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் ஃபெயிலானால் வீட்டில் படிப்பையே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

தினமும் சாயங்காலம் எனக்குப் பாடம் சொல்லித்தரும் பக்கத்து வீட்டு சாகிதா துணைக்கு வந்திருந்தாள்.

"எல்லாம் மறந்துபோச்சு சாகிதா. நான் இறங்கி வீட்டுக்கே போறேன்" என்றேன்.

அவள் என் மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"ரொட்டி விலை ஏறிப்போச்சு. வீட்ல பிள்ளைக பட்டினி. ராஜா கண்டுக்கவே இல்லை. நீங்க என்னக்கா செய்வீக?"

"தெருப் பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டு அவன் அரமனை வாசல்ல போய் நிப்பேன்."

"பாரிஸ் பொம்பளைகளும் அதைத்தான் செஞ்சாக. அப்படியே எழுதுங்க."

வினாத்தாளில் அதே கேள்வி! வியர்த்த விரல்களில் பேனா வழுக்க வழுக்க நான்கு பக்கம் எழுதினேன்.

வெளியே வந்து அதைச் சொன்னதும் சாகிதா கேட்டாள்: "ராஜா பேரு பதினாறாம் லூயின்னுதானேக்கா எழுதுனீக?"

பதினான்காம் லூயி என்று எழுதியிருக்கிறேன். நான்கு பக்கத்திலும்.

இதைப் படிப்பவர்களில் விடைத்தாள் திருத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு லூயி குறைந்தால் எத்தனை மார்க் குறைப்பீர்கள்?