கருவேலம்பட்டையும் லூர்துராணியும்

லூர்துராணிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டாள். புத்தூரிலிருந்து கல்லூரிக்கு நடந்தே வந்துவிடுவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து சாவகாசமாக வந்து இறங்கும் என்னைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். லேபில் இருவருமே டெமான்ஸ்ட்ரேட்டர்கள். அவள் வேலை மட்டும் தற்காலிகம்.

அறுபத்திரண்டாம் வருஷம் அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. பல் சொத்தையை உண்டாக்கும் கிருமியைக் கருவேலம்பட்டை கொல்லுமா என்று பார்க்க வேண்டும். லால்குடிப் பக்கமிருந்து பட்டை வரவழைத்து, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்தாள். பல் டாக்டரிடம் கெஞ்சி, சொத்தைப் பல்லில் சுரண்டியதை வாங்கிவந்து கண்ணாடித் தட்டில் கிருமி வளர்த்தாள். சாற்றில் நனைத்த வட்டக் காகிதத்தை அதன்மேல் வைத்தால், கிருமி செத்த இடம் காகிதத்தைச் சுற்றி வளையமாகத் தெரியும்.

"காகிதம் காயட்டுமேடி, என்ன அவசரம்?" என்பேன்.

"காஞ்சா என்ன, காயலன்னா என்ன? சாறு அதேதானே?" என்பாள்.

எட்டணாக் காசு அகலத்துக்கு வளையம் விழுந்தது. புரொபசர் தர்மராஜுக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் நடக்கவிருந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் அவளே கட்டுரை வாசிப்பது, அதைக் காட்டி வேலையை நிரந்தரமாக்கக் கேட்பது என்று முடிவாயிற்று. ஒப்பிட்டுக் காட்ட, பட்டை சேராத வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த காகிதமும் ஒன்று வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அதைச் சுற்றியும் அதே எட்டணா வளையம். கிருமியைக் கொன்றது காயாத ஸ்பிரிட்!

பார்த்தது நாங்கள் இருவர் மட்டும். தட்டைக் கழுவிப் போட்டால் தீர்ந்தது. அவள் வராந்தாவுக்குப் போனாள், வந்தாள், தட்டை எடுத்தாள், வைத்தாள். எனக்கே தலை சுற்றியது.

"சித்த உக்காரேண்டி!" என்று கத்தினேன்.

உட்காரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் புரொபசர் அறைக்குப் போய்விட்டாள்.

"காகிதத்தைக் காய வெச்சியாம்மா?" என்று அவர் கேட்டது வெளியே கேட்டது.

"இல்ல சார்."

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. பெருமையாகவும் இருந்தது. கட்டுரை நின்றுபோயிற்று. ஜூனிலிருந்து அவள் வேலைக்கு வேறொருவர் வருவார் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வேலையை விட்டுப் போகிற வாரத்தில் இன்னொரு தட்டு வைத்தாள். காகிதங்களைப் பரப்பிவிட்டு, முந்தானையை முறுக்கிக்கொண்டு, அவை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

காலையில் வெறும் ஸ்பிரிட் காகிதத்தைச் சுற்றி ஒன்றுமே இல்லை. பட்டைக் காகிதத்தைச் சுற்றிச் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வளையம். அவள் அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"சின்னதுதான்டி ரங்கநாயகி. ஆனா இது பட்டையோடது."