தொண்ணூறு நாள் பிராதும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும்

“என் மனைவி செல்விக்கு வலது கையும் பேச்சும் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. மூளைக்கு லேசர் ஒளி காட்டும் சிகிச்சை தொண்ணூறு நாளுக்குள் அவளுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். 8-9-2008, திங்கட்கிழமை, விருத்தாசலம்.”

இது நான் நம் முருகன் கொளஞ்சியப்பருக்கு எழுதிய பிராதின் நகல். அவருடைய மணவாளநல்லூர் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குறையை மனுவாக எழுதி, சுவாமி முன் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருகிறோம். தொண்ணூறு நாளுக்குள் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய்த் திரும்பப் பெற வேண்டும். அதற்கு நகல் எடுத்து வைத்துக்கொள்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை பார்ப்பவன். சூளை எரியும்போது அரைமணிக்கு ஒருமுறை வெப்பத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். செல்வி அதே பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் வரைபவள்.

ஆகஸ்ட் 28, வியாழன். காலை எட்டு மணிக்கு அவள் சூளைப் பக்கம் வந்தாள்.

“கையி ஒரு மாதிரி கனமா இருக்குதுங்க.”

நான் பதிவேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. கைமேல் படுத்திருப்பாய், உதறிவிடு என்றேன். பதினொன்றே முக்காலுக்கு அவள் கையிலிருந்து தூரிகை விழுந்தது. பிறகு அவளும் விழுந்தாள்.

கடலூர் போய்ச் சேரும்போது மணி இரண்டு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. எட்டு என்றேன். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார். அன்றைய பதிவேட்டில் எட்டு மணிக்கு நேரே சூளையின் வெப்பம் என் கையெழுத்தில் இருக்கிறது. அவள் சொன்னது இல்லை.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். அவளுக்குச் சொல் வாய்வரை வந்து நின்றுவிடும். ஆத்திரத்தில் இடது கையால் பாயை அடிப்பாள். நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு. நூலகத்தில் ஒரு பழைய ஆங்கில நாளிதழில், பக்கவாதம் வந்தவர்களின் தலைமேல் லேசர் ஒளி காட்டி மூளையைத் தேற்றும் முயற்சி வெளிநாட்டில் நடப்பதாகப் படித்தேன். கட்டுரையின் கீழ்ப்பாதியை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள். மேல்பாதி எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாளே பிராது கட்டினேன்.

அந்தக் கீழ்ப்பாதியில் என்ன இருந்திருக்கும் என்பது செப்டம்பர் 24 அன்று புதுச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. அது இன்னும் சோதனைதான். அதையும் பக்கவாதம் வந்த முதல் ஒரு நாளுக்குள் செய்து பார்க்கிறார்கள். பலன் உண்டா என்பதே முடிவாகவில்லை என்றார். திரும்பும் பஸ்ஸில் பிராதின் நகலை எடுத்துப் படித்தேன். நாள் தாண்டிப்போன ஒன்றைத் தேதி போட்டுக் கேட்டிருக்கிறேன்.

நேரே கோயிலுக்குப் போய், மாற்றி எழுதலாமா என்று பிராது எழுதித் தருபவரிடம் கேட்டேன்.

“கட்டுனத நாம அவுக்கக் கூடாதுங்க. அவருக்குப் படிக்கத் தெரியாதா என்னா?” என்றார்.

அதன்பின் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். ஐம்பது. எழுபது. எண்பது. செல்வியின் தோளில் வலி கூடியது. கையைத் தூக்கினாலே அழுதாள். பயிற்சி செய்ய மறுத்தாள். நவம்பர் கடைசி மழையில் மூன்று நாள் வெளியே போகவே முடியவில்லை. சிகிச்சை, இயந்திரம் என்று கேட்பதை எப்போது விட்டேன் என்று குறித்து வைக்கவில்லை. அவள் பேசட்டும் அப்பா என்று மட்டும் கொளஞ்சியப்பரிடம் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

டிசம்பர் 3, புதன். எண்பத்தாறாவது நாள். கடலூர் சாலையில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் செல்வியைக் கூட்டிப்போனேன். தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். என்ன என்று கேட்டேன். லேசர் என்றார். மூளைக்கா என்று கேட்டு, அதன் முனையில் வெளிச்சத்தைத் தேடினேன்.

“தோள் வலிக்குங்க. மூளைக்கில்ல. வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, தேடாதீங்க.”

எங்கள் இருவருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி மாட்டிவிட்டுக் கருவியைச் செல்வியின் தோளில் வைத்தார். மூன்று மணி பத்து நிமிடம் என்று என் நோட்டில் குறித்தேன். அதோடு எழுதுவதை நிறுத்தினேன். நோட்டை மூடிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மணிக்கு நான் தலை தூக்காததை. பிராதில் என்ன எழுதினேன் என்பதை. இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது என்பதை.

அவள் உதடு துடித்தது.

“கை... கேக்கலியா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“மிசினா... கேட்டீங்க?”

தொண்ணூற்றேழு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. என்னைத் திட்டியதுதான். பிசியோதெரபி அம்மா சிரித்துவிட்டார். நான் அழுதேன். சிறிது நேரம் கழித்து அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, கரண்ட் இல்லையே என்றார். மழைக் குளிர். மின்விசிறி ஓடவில்லை, விளக்கும் போடவில்லை. எப்போது போனதென்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு. தொண்ணூறாவது நாள். பிராதைத் திரும்பப் பெறப் போனோம். கேட்டது கிடைத்ததா என்று கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் செல்வி சொன்னாள்.

“கெடச்சிது.”

இப்போது 2009 பிப்ரவரி. அவள் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள். வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பொம்மையைப் பிடிக்கிறது, இடது கை கண் வரைகிறது. சில பொம்மைகளுக்குப் பார்வை கொஞ்சம் கோணல். அவள் கூப்பிட்டால் சூளை எந்தச் சூட்டில் இருந்தாலும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அன்பர்களே, உங்கள் குறையை அவரிடம் எழுதிக் கொடுங்கள். எப்படித் தீர்ப்பது என்பதை மட்டும் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் யாராவது கை கனக்கிறது என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிரார்த்தனையை வழியில் செய்துகொள்ளலாம்.

ஒன்று மட்டும் மீதி. அன்று அந்தத் தெருவில் மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது என்று விசாரித்தேன். எதிர்த்த டீக்கடைக்காரர் மூன்று மணி என்கிறார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மூன்றேகால் என்கிறார்கள். அந்த வெளிச்சம் அவள்மேல் பட்டதா, இல்லையா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பெட்டியின் மேல் எரியும் சிறு விளக்கை நான் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.