கோல்கீப்பரின் மனு

போடிநாயக்கனூரில் குரங்கணி போகிற ஜீப்பு நிற்கிறது. தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றுகிறார்கள். என் சட்டைப்பையில் பேனாவைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்கிறார். ஏலத்தோட்டத்து ஹாக்கி அணியின் கோல்கீப்பராம். சாக்கில் தேங்காய் நார் திணித்துத் தைத்த கால்தடுப்பு இரண்டும் அவர் மடியில் இருக்கின்றன. நன்றாக ஆடுகிறவர்களுக்குத் தோட்டத்தில் நிரந்தர வேலை கொடுப்பது வழக்கம். அதற்கு இன்று தோட்டத்து மேலாளரான துரையிடம் மனுக் கொடுக்க வேண்டும், எழுதித் தாருங்கள் என்கிறார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். மனு எழுதிப் பழக்கம் உண்டு.

"கோல் போட்டவனுக்குச் சோலி குடுப்பாக. தடுத்தவனுக்கு யாரு குடுப்பா மாப்ளே?" என்று ஜீப்பு ஓட்டுநர் சிரிக்கிறார்.

"நீ லோடைப் பாருய்யா" என்கிறார் கோல்கீப்பர்.

அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தேவாரம் ஊரில் ஒரு கோலும் விடாத ஆட்டம், கட்டைவிரல் முறிந்தும் கடைசிவரை நின்ற ஆட்டம், வாங்கிய கோப்பைகள் என்று எட்டு வரி வருகிறது.

"போன மாசம் கடைசி ஆட்டத்துல என் காலுக்கு நடுவுல ஒரு பந்து போச்சு. அதுலதான் தோத்தோம். அதையும் எழுதுங்க தம்பி."

"அது எதுக்குண்ணே?"

"துரை பாத்தது அந்த ஒரு ஆட்டந்தான். அதை மறைச்சா மத்ததை நம்ப மாட்டாரு."

எழுதுகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பந்து எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். ஒன்பதாவது வரியைக் காட்டுகிறேன். மேலே இருக்கும் வரிகளையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார்.

"அந்தப் பந்து இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு, மனுவை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்.