அண்ணன் கடைக்கு நான் செய்த போணி

என் கைக்கு ராசி உண்டு என்று உறவில் ஒரு பேச்சு இருந்தது. யார் கடை திறந்தாலும் முதல் போணிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களிடம் அதைச் சொன்னதும் இல்லை.

2009 தை மாதத்தில் பெரியப்பா மகனும் கூப்பிட்டார். சேத்தியாத்தோப்புக்கு மேற்கே, எங்கள் ஊர் எல்லையில் புதிதாகக் கட்டிய வணிக வளாகத்தில் அவருக்குப் பாத்திரக்கடை. வளாகம் நிற்கிற இடம் முன்பு எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான முந்திரித்தோப்பு. நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். தோண்டி முடித்ததும் பள்ளத்தை மண் கொட்டி மூடினார்கள். ஆழத்திலிருந்து வந்த அந்த வெளுத்த மண்ணில் வெகுகாலம் வேலிக்காத்தான்கூடச் சரியாக வளரவில்லை. பிறகு ஜல்லி லாரிகள் வந்தன.

நிலம் கொடுத்தபோது கூட்டுப் பட்டாவுக்கு ஒரே ஒரு சுரங்க வேலைதான் கிடைத்தது. "வேலைய நான் எடுத்துக்கறேன்டா. அந்த எடத்துல அடுத்து எது வந்தாலும் அது உனக்குத்தான்" என்று அண்ணன் அம்மன் கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

அடுத்து வந்தது கடை. நிலம் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை என்று தெரிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். என் மனைவி தையல்காரி. எங்கள் ஒற்றை அறையில் மெஷினும் கட்டிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. அவளுக்கு ஒரு கடை வேண்டியிருந்தது.

"எழுதிக் குடுத்தாச்சுடா. அண்ணி பேருல" என்றார், மோர் குடித்துக்கொண்டே.

சத்தியத்தை நினைவுபடுத்தினேன்.

"அது தோப்பப் பத்தி சொன்னது. இது பில்டிங்கு."

அதற்குப் பிறகும் போணிக்கு என்னையே கூப்பிட்டார். என் கையை அவ்வளவு நம்பினார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். உறவுக்காரர்கள் முன்னால் ஓர் எவர்சில்வர் குடத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், விரலால் தட்டினேன், விலை கேட்டேன். அண்ணி சொன்னார். "ஜாஸ்தி" என்று குடத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவியின் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. "இன்னா மாமா நீ, போணி ஆவற நேரத்துல."

"பொருளு புடிக்கல மச்சான்" என்று செருப்பை மாட்டினேன்.

எனக்குச் சிதம்பரத்தில் வேலை. பஸ் அந்த வளாகத்துக்கு எதிரே நிற்கும். மறுநாளிலிருந்து, அண்ணன் ஷட்டரைத் தூக்கித் தண்ணீர் தெளித்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். ஒருநாள் இட்லிப் பானை, ஒருநாள் தாம்பாளம். விலை கேட்பேன், வைப்பேன், பஸ் ஏறுவேன். வராதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், கோயில் வாசலில் நடந்தது வெளியே வரும். கடை திறக்கும் நேரத்தை மாற்றினார். நான் பஸ்ஸை மாற்றினேன்.

ஐப்பசி மழையில் கொட்டிய மண் உள்வாங்கியது. கடைத் தரை நடுவில் விரிசல் விட்டது, ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. வரிசையில் இருந்த எல்லாக் கடைகளுக்கும் அதே கதிதான். ஓய்வு பெறும்வரை அந்தச் சுரங்கத்திலேயே வேலை பார்த்த அண்ணனுக்கு, மூடிய பள்ளம் மழைக்கு இறங்கும் என்பது தெரியாததல்ல. ஆனாலும் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "எல்லாம் உன் கைடா. போதும், உட்ரு" என்றார்.

மண்தான் இறங்குகிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனிதர் தெளிந்திருப்பார். சொல்லவில்லை. ஷட்டர் மீது கையை மெதுவாக வைத்துக்கொண்டு, "நாளைக்கு வரேண்ணே" என்றேன்.

பொங்கலுக்கு முன்பே கடையை விட்டுவிட்டார். கடலூர்க்காரர் ஒருவர் அதில் செல்போன் கடை வைத்தார். மனைவியிடம் செய்தியைச் சொன்னேன்.

"நமக்கா குடுத்தாரு?" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?"

அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.