வெள்ளிக்கிழமை அனுப்பிய மாதா படம்

ஆயர் ஈத்தாமில் நான் இருக்கும் முதியோர் இல்லத்தில், காலையில் பசியாறப் போவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. அவரவர் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் 'காலை வணக்கம்' படம் அனுப்புவோம். படம் வந்தால் கிழவி உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். வராவிட்டால்தான் போன் வரும்.

என் அறைத்தோழி இதில் கறார். திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வெள்ளி அம்மன். நாள் மாறினால் தெய்வக் குற்றம் என்பாள். நான் வேதக்காரி; எனக்கு ஏழு நாளும் மாதாதான். "உங்களுக்கு வேல மிச்சம்க்கா" என்று கிண்டல் செய்வாள்.

அவளுக்கு ஒரே மகன், பெர்த்தில் இருக்கிறான். இந்த மழைக்காலத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றாள். மகனிடம் தானே சொல்லிவிட்டதாக இல்லத்து ஆபீஸில் பொய் சொன்னாள். விரல் நடுங்க ஆரம்பித்ததும் போனை என் கையில் திணித்தாள்.

"நீங்க அனுப்புங்கக்கா. அவன் இப்பதான் புது வேலைல சேந்திருக்கான். லீவு கேட்டா வேல போயிரும்லா. ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணித் தொலைத்தேன். முப்பது வருடம் ஆபீஸில் கிராணியாகக் கோப்பு எழுதியவள் நான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற புத்தி. தினமும் அவள் போனிலிருந்து படம் போகும், பெர்த்திலிருந்து ஒரு கட்டைவிரல் சின்னம் வரும். காட்டினால் சிரிப்பாள். அவள் உதடு நாளுக்கு நாள் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. மகனைப் பார்க்காமலே போய்விடுவாள் போலிருந்தது.

சத்தியமும் கெடக்கூடாது, அவனும் வரவேண்டும். ஒரு தந்திரம் செய்தேன். வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பதிலாக என் மாதா படத்தை அனுப்பினேன். பெற்றவளைத் தெரிந்த பிள்ளை பதறிப்போய்க் கூப்பிடுவான் என்று நினைத்தேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. கட்டைவிரல் வந்தது.

சனிக்கிழமையும் மாதா. அதற்கும் கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை கூடவே ஒரு இதயமும் வந்தது. போனைக் கட்டிலில் வீசியடித்தேன்.

திங்கட்கிழமை படத்தை அனுப்பிவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினேன். கை சில்லிட்டிருந்தது. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் வந்தது.

இல்லத்து ஆபீஸிலிருந்து போன் போய், மகன் மறுநாள் வந்தான். அழுதழுது முகம் வீங்கியிருந்தது, கெட்டவன் இல்லை.

"ஆன்ட்டி, திங்கக்கிழம காலைலகூட அம்மா படம் வந்துச்சே?"

நானே அவனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். சாமர்த்தியம் காட்டிக்கொண்டிருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அனுப்பியது நான்தான் என்று அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவன் போன மறுநாள் காலையில் என் போனை எடுத்தேன். கோலாலம்பூரில் என் மகள் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் கைபிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போய் வளர்த்த பிள்ளை. அவளுக்கு, மாதாவை விட்டுவிட்டு, வேல் பிடித்த முருகனை அனுப்பினேன். பசியாறப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீலக் குறி விழுந்தது. கட்டைவிரல்தான் வந்தது.