இரண்டு விரல் உயரம்

எங்கள் வீட்டில் அதுவரை மரநாற்காலி கிடையாது. வருகிறவர்களுக்கென்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு, அவ்வளவுதான். நாங்கள் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள். என் மனைவிக்கு நெஞ்சு பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நாற்காலி என்ற ஒன்றைப் பற்றியே யோசித்தோம். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும். அப்படித் தூங்குகையில் ஒருநாள் டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்து, சரிந்து விழுந்துவிட்டாள். கனமான நாற்காலியாக, முதுகு உயரமாக, கை வைத்ததாகப் பாருங்கள் என்றார் டாக்டர்.

புதுச் சாமான்கள் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லாமே ஒட்டுப்பலகை. தூக்கினால் முறம் மாதிரி இருந்தது. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு வந்த ஒருவர்தான், கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் பழைய மரச்சாமான் கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார். இடிக்கிற வீடுகளில் எடுத்த கதவு, தூண், நாற்காலி எல்லாம் அங்கே கிடைக்குமாம். யார் வீட்டு நாற்காலியோ, யார் உட்கார்ந்ததோ என்று அவள் தயங்கினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து விபூதி பூசிவிடுவோம் என்று சமாதானம் சொல்லி, ஆனி மாதக் கடைசியில் கோவிலில் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன். அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அங்கே நாற்காலி பார்க்க ஆரம்பித்ததும் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. துணியின் சாயம் போகுமா, நூல் பிரியுமா என்று பார்த்தே பழகிய கண். ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். சிலவற்றின் அடியில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள். தட்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. வண்டு அரித்த மரம், வேண்டாம். ஒரு சாய்வு நாற்காலி இருந்தது, கால் நீட்டிக்கொள்ள நீளமான கைகளோடு. அழகுதான். ஆனால் அதில் விழுந்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். அதையும் ஒதுக்கினேன்.

கடைசியாக மூலையில் இருந்ததைப் பார்த்தேன். பர்மா தேக்கு. உயரமான முதுகு, பிரம்புப் பின்னல், வழுவழுவென்று தேய்ந்த கைகள். கடைந்தெடுத்த கால்கள் நான்கின் நுனியிலும் பித்தளைப் பூண். உட்கார்ந்து பார்த்தேன். சாய்ந்தேன். கைகளை ஊன்றி எழுந்தேன். ஆடவில்லை, முனகவில்லை. இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். கடைக்காரர் அதை வேனில் ஏற்றும்போது ஒன்று சொன்னார்.

"அண்ணாச்சி, பாலிஷ் போடுங்க, பிரம்ப மாத்துங்க, என்ன வேணாலும் செய்ங்க. காலை மட்டும் தொட்டுராதீங்க. அந்தப் பூணுலதான் இதோட மவுசே இருக்கு."

வீட்டில் இறக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து அவளை உட்கார வைத்தேன். சாய்ந்து கண்ணை மூடினாள். முகம் தெளிந்தது. பிறகுதான் கீழே பார்த்தேன். அவள் பாதங்கள் தரையைத் தொடவில்லை. இரண்டு விரல் அகலம் இடைவெளி. முப்பது வருஷமாக ஆளைப் பார்த்தவுடனே எத்தனை மீட்டர் துணி என்று சொல்லுகிறவன் நான். நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேனே தவிர, அவள் குள்ளம் என்பது அங்கே என் நினைவுக்கே வரவில்லை.

காலைத் தொங்கவிட்டால் வீங்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். காலுக்கு அடியில் எதையாவது வைக்க வேண்டும். பூஜைக்கு உட்காரும் மணையை எடுத்தேன். அதில் கால் வைக்க மாட்டேன் என்றாள். செய்தித்தாள் கட்டு கொண்டுவந்தேன். எழுத்து இருக்கிறது, சரஸ்வதி என்றாள். கடைசியில் இரண்டு செங்கல்லை என் பழைய துண்டில் சுற்றி வைத்தேன். தூக்கத்தில் கால் வழுக்கி விழுந்துவிடும். முழித்ததும் மறுபடி எடுத்து வைப்பாள்.

தெரிந்த ஆசாரியிடம் சொன்னேன். இரண்டு விரல் உயரம் அறுத்துவிட்டால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை என்றார். அவர் அறுப்புவாளோடு வந்த நாள், ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள். எங்கள் ஊரில் கொடியேறிவிட்டால் வீட்டில் எதையும் வெட்டவோ உடைக்கவோ யோசிப்பார்கள். அம்பாள் கோமதியம்மாள் தவத்துக்கு நிற்கிற நேரம், ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் வாருங்கள் என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்பாளே ஒத்தக் கால்ல நிக்கா. எனக்கு ரெண்டு கால் தொங்குனா என்னங்க, குறைஞ்சா போயிருவேன்?" என்று சிரித்தாள்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ஆடி என்று நான் சொன்னது பாதிதான் உண்மை. ஆசாரி வாளை அந்தக் காலில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பூணும் அந்தக் கடைசலும் போய்விடுமே என்று இருந்தது. அதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டு, அம்பாள் பேரைச் சொன்னேன்.

தபசு அன்று அவளால் வர முடியவில்லை. நான் மட்டும் போனேன். கொடியேற்றத்திலிருந்து அவளுக்காக, வேண்டிக்கொண்டு கோவிலை வலம்வரும் ஆடிச்சுற்று சுற்றியிருந்தேன். மிச்சத்தை அன்று முடித்தேன். சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் வத்தலும் அம்பாள் சப்பரத்தின் மேல் வாரி எறிந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் கையைத் தூக்கி, அவளை எழுப்பி நடமாட விடு தாயே என்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து, கோவிலில் பிரசாதமாகத் தந்த புற்றுமண்ணைக் குழைத்து அவள் பாதத்தில் தடவினேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. குழி நிரம்ப வெகுநேரம் ஆனது.

நான்காம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினேன். ஒரு கால் செங்கல் மேல் இருந்தது. இன்னொன்று வழுக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வைப்போம் என்று குனிந்து தொட்டேன். குளிர்ந்திருந்தது.

நெஞ்சு பலவீனத்தில் போனாள்; நாற்காலியால் அல்ல என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும். கடைசி இருபது சொச்சம் நாள் அவள் கால் தரையில் ஊன்றாமல் இருந்தது. அரை மணி நேர வேலை அது.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று ஆசாரி வந்தார். சொன்ன வாக்குக்காக வந்தாராம். துக்கம் கேட்டுவிட்டு, வாளைப் பையிலிருந்து எடுக்காமலே நின்றார்.

"இனி எதுக்கு அண்ணாச்சி? பூணு போயிரும்லா."

"அறுங்க," என்றேன்.

அறுத்தார். நான்கு துண்டுகளும் பூணோடு தரையில் உருண்டன. பூணைத் திருப்பி மாட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது அதில் நான் உட்கார்ந்தால் முழங்கால் மேலே எழும்பி நிற்கிறது. வசதியாக இல்லை. உட்காருவதும் இல்லை.

முப்பதாம் நாள் காரியத்துக்குக் கொழுந்தியாள் வந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே உயரம். நாற்காலி விஷயத்தில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அலைந்த களைப்பில் நேராக வந்து அந்த நாற்காலியில் சாய்ந்தாள்.

"உயரம் நல்லா வாகா இருக்கு அத்தான், எங்க வாங்குனீங்க?" என்றாள்.

அவள் இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. விபூதி எடுக்கப் போகிறவன் மாதிரி பூஜை அறைக்குள் போய்விட்டேன். அம்பாள் படத்துக்கு முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. உன் பேரைச் சொல்லித் தள்ளிப்போட்டேன், மன்னித்துவிடு என்று மட்டும் சொன்னேன்.