கம்பி வழியே நீட்டிய விரல்

என்னைப் பூட்டி வைக்கப் புதிதாகப் பூட்டு வாங்கத் தேவைப்படவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் சித்தப்பா வீட்டுத் தெரு அறையில் பட்டும் ஜரிகையும் இருந்ததால், அதற்கு ஏற்கெனவே ஒரு பூட்டு உண்டு. ரத்தப் பரிசோதனைப் படிப்பை முடித்து வந்த மாதம், சித்தியின் தம்பிக்கு இரண்டாம் தாரமாகப் போக மாட்டேன் என்றேன். கல்யாணம் வரை அந்த அறைதான் என்று முடிவாயிற்று. உள்ளே ஒரு பாய், ஒரு செம்பு, என் நோட்டு, தெருவைப் பார்த்த கம்பி ஜன்னல்.

அந்த ஜன்னலுக்குத்தான் அவன் வந்தான். யானைக்கால் நோய்க்காக வீடு வீடாக ரத்தம் எடுப்பவன். அந்த நோயின் புழு இரவில்தான் ரத்தத்தில் தெரியும் என்பதால் இருட்டிய பிறகே வருவான். பிள்ளைகள் "ரத்தக் காட்டேரி வருதுடோய்!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள்.

கூடத்தில் எல்லோரிடமும் எடுத்தவன் பூட்டிய கதவைக் காட்டிக் கேட்டான். அந்நியன் முன் திறக்கச் சித்திக்கு மனமில்லை. "அது உடம்பு முடியாம கெடக்குது. ஜன்னல் வழியா எடுத்துக்கினு போப்பா."

கம்பி வழியே விரலை நீட்டினேன். சுத்தமாகக் குத்தினான், ஸ்லைடில் வட்டமாகத் தேய்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். "ஸ்லைடு சரியா வரலம்மா. இன்னொரு தபா."

"பூட்டியா வெச்சிருக்காங்க?" என்றான், குத்தும்போது மெதுவாக.

"எடுத்தாச்சு இல்ல? கெளம்புங்க" என்றேன்.

அவன் போனதும் நோட்டில் எழுதினேன்:
1. ஸ்லைடு சரியாகத்தான் இருந்தது. பொய்.
2. வேறு எந்த வீட்டுக்கும் இரண்டாம் முறை போகவில்லை.
3. விரலைத் தேவைக்கு மேல் பிடித்திருந்தான்.
4. மாப்பிள்ளை அனுப்பிய உளவாளியாக இருக்கலாம்.

மூன்றாவதைப் பிறகு அடித்துவிட்டேன். அது சந்தேகம்தானா என்று நிச்சயமில்லை.

சில நாள் கழித்துக் காலையில், தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்த நேரம், அதற்கடியில் குனிந்து வந்தான். பகலில் காட்டேரியைப் பார்த்துத் தெருவே திரும்பியது. கூடத்தில் சித்தியின் தம்பி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு ரத்தத்துல புழு இருக்குது சார். பன்னெண்டு நாள் எங்க ஆபீசுக்கு வந்து மாத்திரை முழுங்கணும்" என்றான் சித்தப்பாவிடம்.

"காலு வீங்குமா?" என்றார் சித்தியின் தம்பி.

"வீங்கலாம்."

காப்பி பாதியில் நின்றது. "யோசிச்சு சொல்றேங்க்கா."

எனக்கு நம்பிக்கையில்லை. "ஸ்லைடை நானே பாக்கணும்" என்று உள்ளிருந்து சொன்னேன். சித்தப்பாவுக்கும் அதுவே சரியாகப் பட்டது. "படிச்ச பொண்ணு, பாத்து இல்லன்னு சொல்லும்மா. வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சிடலாம்."

அன்றே அவன் ஆபீசுக்கு அழைத்துப் போனார். ஒற்றை அறை, ஒரு மைக்ராஸ்கோப். இரண்டு ஸ்லைடையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை, வரிசை தப்பாமல் நகர்த்திப் பார்த்தேன். அணுக்கள் இருந்தன. புழு ஒன்றுகூட இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை.

"இருக்குதா, இல்லியாம்மா?" என்றார் சித்தப்பா.

அவன் ஜன்னலோரம் டார்ச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் கெஞ்சல் இல்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாயிருந்தது. பதிலுக்கு என்ன கேட்கப் போகிறான்? அதுவரை பொய்யாக ஒரு முடிவும் நான் சொன்னதில்லை.

"இருக்குது சித்தப்பா" என்றேன்.

சம்பந்தம் முறிந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பூட்டுக்குள் பட்டும் ஜரிகையும் மட்டும் இருந்தன. மாத்திரைக்குப் போன முதல் நாள் சித்தப்பா ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார், நான் உள்ளே போனேன். அவன் மாத்திரையை எடுக்கவேயில்லை, தண்ணீர் மட்டும் வைத்தான்.

"பதிலுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா."

"நம்ப மாட்டேன். கையை நீட்டுங்க." தட்டிலிருந்து ஊசியை எடுத்தேன்.

"பகல்ல ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரியும்."

ஊர் விரலையெல்லாம் குத்தியவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வீடு திரும்பியதும் நோட்டில் அடித்திருந்த மூன்றாவதை மறுபடி எழுதினேன். இந்த முறை விரலைப் பிடித்திருந்தது நான்.